கிராம்புப் பல் முதலை

பதினொன்றாம் வகுப்பில் நான் செய்த முதலைக்கு நீட்டு வாய் கிடையாது. சப்பை மூஞ்சி, கட்டை வால், உடம்பெல்லாம் ஓடு. டைனோசர் காலத்தில் மடகாஸ்கரில் வாழ்ந்த சைமோசூக்கஸ். முதலைக்கு உறவுதான், ஆனால் தழை தின்றிருக்கும் என்கிறார்கள். படித்த அன்றே அது என் கட்சி என்று முடிவு செய்துவிட்டேன். கழனி வேலைக்குப் போகிறவள் மகளுக்கு பயாலஜி எதற்கு என்று எங்கள் ஊர் சாலவாக்கத்தில் கேட்காத ஆள் இல்லை.

அம்மா அடுப்பு போட மிதிக்கிற மாதிரியே ஏரிக் களிமண்ணில் உமி கலந்து மிதித்துக் கொடுத்தாள். அதன் பல் கிராம்பு வடிவம் என்று படித்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கு வைத்திருந்த கிராம்பையெல்லாம் எடுத்து வாயில் குத்திவிட்டேன். அந்த வாரம் குழம்பில் வாசனையே இல்லை.

காஞ்சிபுரத்தில் நடக்கும் மாவட்ட அறிவியல் கண்காட்சிக்கு எங்கள் பள்ளியிலிருந்து ஒரு மாடல்தான் போகும். உன்னுடையதுதான் என்று அறிவியல் சார் சொல்லியிருந்தார். போயே தீர வேண்டும் என்று எனக்கு வெறி.

கண்காட்சிக்கு முந்தின நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வகுப்புக்கு வந்து பார்த்தால், என் முதலைக்கு ஒரு சாண் வாய் முளைத்திருந்தது. சார்தான் கிராம்பைப் பிடுங்கிவிட்டு, ஈர மண்ணை ஒட்டி, துடைப்பக் குச்சியைச் சீவிப் பல்லாகச் செருகியிருந்தார்.

"முதலன்னா முதல மாரி இருக்கணும்மா. ஜட்ஜுங்க சிரிப்பாங்க," என்றார். கெட்டவர் இல்லை, எனக்குப் பரிசு கிடைக்கட்டும் என்றுதான் செய்தார். நோட்டில் எழுதி வைத்திருந்ததைக் காட்டினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வாயைப் பிடித்துப் பிய்த்தேன். வகுப்பே பார்த்தது.

"அப்ப இது போவாது."

"போவ வேணாம் சார். இது இப்டிதான் கீது."

போகவில்லை. ஒரு தெர்மாகோல் ராக்கெட் போனது. டவுன் பஸ்ஸில் முதலையை மடியில் வைத்துக்கொண்டு கோபத்தில் அழுதேன்.

அம்மா ஊரார் மாடுகளைப் பல வருடம் மேய்த்தவள். சார் பிடுங்கிப் போட்டதில் நான் பொறுக்கி வந்த கிராம்பில் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தப் பல்ல வெச்சிக்கினு கறிய எப்டி கிழிக்கும்? தழதான் துன்னும். உங்க சாரு மாட்டு வாயில கைய வுட்டதே இல்ல போல."

முதலையின் வாயை நனைத்து, கிராம்பை ஒவ்வொன்றாக அவளே திரும்பக் குத்தினாள்.

இப்போது கல்லூரியில் விலங்கியல் படிக்கிறேன். முதலை எங்கள் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பிய்த்த இடத்தில் தழும்பு அப்படியே தெரிகிறது. வருகிறவர்கள் மண் வைத்துப் பூசச் சொல்கிறார்கள். பூசமாட்டேன்.