கையில் நெருப்போடு வந்தவன்

என் தம்பி ஒரு கொலைகாரன். இதைப் பட்டென்று சொல்லிவிடுவதுதான் நல்லது. சுற்றி வளைத்தால் கேட்கிறவர்கள் அவனுக்கு வக்காலத்து வாங்க ஆரம்பித்துவிடுகிறார்கள், "வயசுக் கோளாறு, ரத்தம் சூடு" என்று. செத்தவனுக்கும் அதே வயசுதான்.

வடக்கனந்தல் பக்கம் எங்கள் ஊர். கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் மரவள்ளி. அப்பா போன பிறகு தம்பி மினி லாரி ஓட்டினான். வெள்ளிமலை ஏறிக் கிழங்கு ஏற்றிவந்து ஜவ்வரிசி ஆலையில் போடுவது அவன் வேலை. லோடு ஏற்றக் கூடப் போகிறவன், பள்ளியில் இவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். காலனிக்காரன், அவன் வீட்டுக்கு ஒரே பிள்ளை. மலையில் இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். கீழே எங்கள் வீட்டுக்கு வந்தால் அவன் வேப்பமரத்தடியோடு நின்றுவிடுவான். அம்மா அவனுக்குக் காபி கொடுப்பாள். அன்பாகத்தான் கொடுப்பாள், டம்ளர் மட்டும் தனி. எங்கள் வீட்டில் யாரும் அதை வெறுப்பு என்று நினைத்ததில்லை, பழக்கம் என்றுதான் நினைத்தோம். விதை வீட்டிலேயே இருந்தது, தண்ணீர் ஊற்ற ஒரு ஆள் வரவேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

செல்போன் எல்லார் கைக்கும் வந்த காலத்தில் அந்த ஆளும் வந்தான். கள்ளக்குறிச்சியில் வாராவாரம் கூட்டம் போடும் எங்கள் சாதி வாலிபர் சங்கம் ஒன்று. ஆளுக்கொரு பனியன் கொடுத்தார்கள், முதலில் பெருமை பேசினார்கள். பெருமை சீக்கிரம் சலித்துவிடும் போலிருக்கிறது, பிறகு பயத்தை எடுத்தார்கள். எந்த ஊரில் எடுத்ததோ தெரியாத வீடியோக்களைத் தம்பி சோறு தின்னும்போதுகூடப் பார்த்துக்கொண்டிருப்பான். எரிகிற கூரை, ஓடுகிற பெண்கள், கூடவே ஒரு குரல்: "அடுத்தது உங்க தெருதான்."

ஒருநாள் சொன்னான், "நீ தனியா பஸ்ஸுக்குப் போவாதக்கா. காலனிக்காரனுங்க நம்ம பொண்ணுங்கள குறி வெச்சிக்கினு இருக்கானுங்க."

"இன்னாடா ஆச்சி உனுக்கு? இத்தினி வருஷமா போய்க்கினு வந்துக்கினுதான இருக்கேன்?"

"உனுக்கு ஒண்ணும் தெரியாது."

அவன் முகத்தில் கோபத்தைத்தான் எதிர்பார்த்தேன். இருந்தது பயம். மலைப்பாதை வளைவுகளில் ஒற்றைக் கையால் வண்டி ஓட்டுகிறவன், பூனை பாத்திரத்தை உருட்டினால் எழுந்து உட்கார்ந்தான். கட்டிலுக்கு அடியில் இரும்புக் கம்பி வைத்துக்கொண்டான். கூட்டாளியை லோடுக்குக் கூப்பிடுவதை நிறுத்தினான். அந்தப் பையன் ஒருமுறை வீடு தேடி வந்து, "இன்னாக்கா, இவன் போனே எடுக்க மாட்டேன்றான்?" என்று கேட்டான். வேலையாக இருக்கிறான் என்றேன். சிரித்துக்கொண்டே போனான்.

அந்த ஐப்பசியில் அந்தப் பையனுடைய அப்பா இறந்துபோனார். சுடுகாட்டுப் பாதையில் ஓடை நிரம்பிப் போனதால், ஊருக்குள் போகும் தார் ரோடு வழியாகப் பிணத்தை எடுத்துப் போகிறோம் என்று காலனிக்காரர்கள் ஊர்ப் பெரியவர்களிடம் சொல்ல, அவர்களும் சரி என்றிருந்தார்கள். மத்தியானம் வெடி வெடித்தது. எங்கள் பக்கம் சாவு எடுக்கும்போது வெடி போடுவது பிறந்த குழந்தைக்குக்கூடப் பழகின சத்தம். ஆனால் சங்கத்துப் பையன் எவனோ போனில் செய்தி அனுப்பியிருக்கிறான்: காலனிக்காரனுங்க குண்டு போடறானுங்க, நெருப்போட வர்றானுங்க.

தம்பி கம்பியை எடுத்துக்கொண்டு ஓடினான். பின்னாலேயே நானும் ஓடினேன். "டேய், சாவுடா! சாவு எடுக்கறாங்கடா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவனோடு இன்னும் நாலைந்து பேர் ஓடினார்கள், எல்லாரும் அந்தப் பனியனில்.

பாடைக்கு முன்னால் அந்தப் பையன் வந்துகொண்டிருந்தான். ஈர வேட்டி, வெற்றுடம்பு, கையில் உறி கட்டிய கொள்ளிச்சட்டி, அதிலிருந்து புகை. பெற்றவனுக்குக் கொள்ளிச்சட்டி தூக்கியவன் அதை வழியில் போடக்கூடாது. மற்றவர்கள் சிதறி ஓடினார்கள், அவன் ஓடவில்லை. சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "டேய், எங்கப்பாடா" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். அதற்குள் கம்பி இறங்கிவிட்டது.

தணல் ரோடெல்லாம் சிதறியது. பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. அன்று போலீஸ் பாதுகாப்போடு அவனுடைய அம்மாதான் போய்ப் புருஷனுக்குக் கொள்ளி வைத்தாள். மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து மகன் வந்தான். அவனுக்கும் அவளே வைத்தாள்.

தம்பி கல்வராயன் மலைக்கு ஓடினான். அவனும் கூட்டாளியும் டீ குடிக்கிற கடைக்குப் பக்கத்தில்தான் பிடித்தார்களாம். சங்கத்துக்காரன் ஒருத்தன்கூடக் கோர்ட்டு வாசலை மிதிக்கவில்லை. தம்பியின் படத்தைப் போட்டு பேனர் மட்டும் வைத்தார்கள். அதை நானே கிழித்தேன்.

கடலூர் ஜெயிலில் போய்ப் பார்க்கும்போதெல்லாம், "கையில நெருப்போட வந்தான்க்கா" என்பான்.

"நம்ம அப்பாவுக்கு நீயும் அப்படித்தானடா வந்த?" என்பேன். எனக்கு அவனை அறையவும் தோன்றும், தலையைத் தடவிக் கொடுக்கவும் தோன்றும். நடுவில் கம்பிவலை இருப்பதால் இரண்டுமே முடியாது.

போனமுறை அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று சொன்னேன். வலைக்குக் கிட்டே வந்து கேட்டான், "அம்மாவுக்கு எதுனா ஒண்ணு ஆயிட்டா, கொள்ளி வெக்க என்னை வுடுவாங்களாக்கா?"

"வக்கீல கேட்டேன். போலீசோட கூட்டிக்கினு வந்து வுடுவாங்களாம்."

அவன் முகம் தெளிந்தது. அதை என்னால் தாங்க முடியவில்லை.

"அந்தம்மாவுக்கு யாருடா வெப்பாங்க?" என்று கேட்டேன்.

வலையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். இத்தனை வருஷத்தில் அவன் அழுது அன்றுதான் பார்த்தேன். நேரம் முடிந்துவிட்டது என்று காவலர் வந்து அவனை உள்ளே கூட்டிப் போனார்.