குரல் போகும் முன், பூவாறு வரை

வரும் வியாழக்கிழமை அப்பாவின் குரல்வளையை எடுக்கிறார்கள். அதற்குள் ஒருவரிடம் பேச வேண்டும் என்றார். ஒரே ஒருவர். விழிஞ்ஞத்து லாரன்ஸ்.

அப்பா முப்பது வருடம் விழிஞ்ஞத்தில் ஒரு ஐஸ் ஆலையில் கணக்கர். லாரன்ஸ் படகுக்காரர். போனில் பேசிப் பார்த்தோம். எஞ்சின் பக்கத்திலேயே கழிந்த வாழ்க்கை, காது போய்விட்டது. "ஆரு? ஆரு?" என்று கேட்டு வைத்துவிட்டார். ஆகவே நேரில்.

ஞாயிறைத் தேர்ந்தெடுத்தோம். அவருடைய கரையில் ஞாயிறன்று யாரும் கடலுக்குப் போவதில்லை. வீட்டில் இருப்பார் என்று கணக்கு.

கரமனையிலிருந்து காலை ஏழரைக்குக் கிளம்பினோம். நாள் வாடகைக்கு டாக்சி, இரண்டாயிரத்து எண்ணூறு. அம்மா, அப்பா, நான். அப்பா வாய் திறக்கவில்லை. நாலு வாக்கியம் பேசினாலே தொண்டை அடைத்துவிடும். சேமித்துக்கொண்டிருந்தார். கோவளத்தில் இட்லி, சட்னி போதும் என்பதையும் கையால்தான் சொன்னார்.

விழிஞ்ஞம், பதினைந்து கிலோமீட்டர். கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தார். "லாரன்ஸண்ணன் இல்ல கேட்டோ. பூசை கழிஞ்சா நேரே பூவாறு, மக வீட்டுக்கு. எல்லா ஞாயிறும் அங்கதான். செவி கேக்காது, சத்தமா விளிக்கணும்."

வீட்டில் இருப்பார் என்று நாங்கள் தேர்ந்தெடுத்த நாள்தான், அவர் வீட்டில் இல்லாத நாள்.

"போறும்ன்னா, ஆத்துக்குப் போயிடலாம்," என்றாள் அம்மா. ஓட்டுநர் அப்பாவைப் பார்த்தார். "சாரே, இனியும் பதினாலு கிலோமீட்டர். போணோ?"

அப்பா விரலை முன்னால் நீட்டினார். தெற்கே.

பூவாறில் படகுச் சவாரி ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். நிற்காமல் நடந்தோம். விசாரித்துப் போன மகள் வீட்டில் கடற்கரையைக் காட்டினார்கள். தூரத்தில், கரையேற்றிய வள்ளத்தின் நிழலில் ஒரு முதுகு. கடலைப் பார்த்தபடி.

மணலில் பத்தடி வைப்பதற்குள் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. நின்றார். கைகளை வாயருகே குவித்தார்.

"வேண்டாம்ன்னா! நான் போய் அழைச்சுண்டு வரேன்," என்றாள் அம்மா.

அப்பா கேட்கவில்லை.

"எத்தற கட்டஅஅ?"

ஐஸ் கட்டை எத்தனை வேண்டும் என்று ஆலைப் படியில் நின்று படகுகளை நோக்கிக் கேட்கும் குரல். அது என் சிறுவயதில் எங்கள் தெருவுக்கும் பழக்கம். மொட்டைமாடியிலிருந்து அப்படித்தான் என்னைக் கூப்பிடுவார்.

அந்த முதுகு திரும்பவில்லை. கை மட்டும் உயர்ந்தது. நான்கு விரல்.

பிறகுதான் திரும்பினார். எழுந்து ஓடி வந்தார்.

"எடா மீன் திங்காத சாமீ! இப்பத்தானா வழி தெரிஞ்சுது?"

அப்பா பதில் சொல்ல முயன்றார். காற்றுதான் வந்தது. தொண்டையைத் தொட்டு, வெட்டுவது போலக் காட்டினார். லாரன்ஸ் தன் காதைத் தொட்டுக் காட்டினார்.

"எனக்குச் செவி போச்சு. நினக்குச் சத்தம் போகும். நல்ல ஜோடி, கேட்டோ."

எஞ்சின் இரைச்சலில் படகுக்காரர்கள் பேச்சை நம்புவதில்லையாம், எல்லாம் விரல்தான். பகல் ஒன்று வரை இருவரும் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவின் கைகள் ஓயவேயில்லை. லாரன்ஸ் மூன்று முறை விழுந்து விழுந்து சிரித்தார். எதற்கென்று எனக்குப் புரியவில்லை. அம்மாவுக்கும்தான்.

போகிறவர்களுக்கு: பதினொன்றுக்குள் போய்விடுங்கள், மணல் சுடும். குடை அவசியம். விழிஞ்ஞம் சாலையில் துறைமுக லாரிகள் உண்டு. அரை மணி கூடுதலாக வையுங்கள். மீன் சந்தை பார்க்க ஞாயிறு வேண்டாம். ஆளைப் பார்க்க என்றால், முதலில் பக்கத்து வீட்டில் விசாரியுங்கள்.

திரும்பும்போது காரில், அடுத்த ஞாயிறும் வரலாமா என்று பேச்சு வந்தது. ஆஸ்பத்திரியில்தான் இருப்போம் என்றேன். அப்பா தலையசைத்தார். பிறகு விரல்களைக் காட்டினார். நான்காவது ஞாயிறு.

டாக்சிக்குச் சொல்லிவிட்டேன்.