மோட்டாருக்கு வைத்த பொட்டு

பேராச்சிக்குச் செத்த எலியைக் கண்டால்கூட அருவருப்பு வராது. பொட்டு வைத்த மோட்டாரைக் கண்டால் குமட்டிக்கொண்டு வரும். ஏன் என்று கேட்டால் காறித் துப்புவாளே தவிர, வாயைத் திறக்கமாட்டாள். கதை இதுதான்.

நாற்பதுகளில் தென்காசிக்குக் கரண்டு வந்த புதிதில், முத்துக்குமாரசாமி தன் அரிசி மில்லுக்கு ஒரு மோட்டார் வாங்கிப் போட்டார். மாட்ட வந்த பிட்டர், அதை ஓட்ட அமர்த்திய மாடனுக்கு அதன் சூட்சுமத்தைச் சொல்லிக்கொடுத்தார். மாடன் பேராச்சியின் புருசன். கஞ்சி கொண்டுபோன பேராச்சியும் பக்கத்தில் நின்று கேட்டாள். உள்ளே இருப்பது செம்புக் கம்பிச் சுற்று. அதில் கரண்டு ஓடினால் காந்தமாகும், அந்தக் காந்தம் நடுத்தண்டைச் சுழற்றும். தண்ணீர்தான் அதற்கு எமன். கடலுக்கு அப்பால் எவனெவனோ தலையைப் பிய்த்துக்கொண்டு கண்டுபிடித்ததாம். அவன்கள் நல்லா இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த மழைக்காலத்திலேயே மாடன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். ஊரே சுற்றி நின்று அவள் பொட்டை அழித்தது. மில்லில் வேறு எவனுக்கும் சுவிட்சைத் தொடத் தைரியமில்லை. "கரண்டு ஆளை உறிஞ்சிப்புடும்லே" என்று மீசைக்காரன்களெல்லாம் தள்ளி நின்றான்கள். வேறு வழியில்லாமல் முதலாளி பேராச்சியைக் கூப்பிட்டார். நாதியற்றவளுக்கு அந்த வேலைதான் கஞ்சி ஊற்றியது.

மறு வருசம் ஆயுத பூசைக்கு முதலாளிக்குப் பக்தி பொத்துக்கொண்டு வந்துவிட்டது. குற்றாலத்து அருவித் தண்ணீரைக் குடம் குடமாக வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். எதற்கு? மோட்டாருக்கு அபிசேகமாம்! தலையில் அடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

"வேண்டாம் அண்ணாச்சி. தண்ணி உள்ள போனா கம்பி எரிஞ்சி போவும்" என்றாள் பேராச்சி.

"நல்ல நாளும் அதுவுமா தாலியறுத்தவ வாயத் தொறக்கா பாரு! ஏட்டி, உமிக் குவியலுக்குப் பின்னால போய் நில்லு. ஒன் முழி இங்கன படக்கூடாது."

போய் நின்றாள். பால் ஊற்றினார்கள், பஞ்சாமிர்தத்தை அப்பினார்கள், அப்புறம் அருவித் தண்ணீர். துண்டு கட்டி, மாலை போட்டு, நடுவில் இவ்வளவு பெரிய குங்குமப் பொட்டு. சீச்சீ! இடுக்கெல்லாம் வாழைப்பழக் கூழ் வழிந்து ஈ மொய்த்தது.

சூடம் காட்டியாயிற்று, மோட்டார் ஓட வேண்டும். யார் சுவிட்சைப் போடுவது? ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பார்த்தான். முதலாளி உமிக் குவியல் பக்கம் திரும்பினார்.

"பேராச்சி, வந்து போட்டுட்டுப் போ."

அவள் காறித் துப்பினாள். "கும்புடுத எடத்துக்கு ஆவாதவ, சாவுத எடத்துக்கு மட்டும் ஆவாளோ? ஈரம் காயாம நான் தொடமாட்டேன்."

"அப்பம் நாளைலேருந்து வராத!"

வெளியே நடந்தாள். வாசலைத் தாண்டுவதற்குள் முதலாளி ஒரு மூங்கில் கம்பால் சுவிட்சைத் தள்ளினார். டமார் என்று ஒரு சத்தம், பின்னாலேயே கருகல் வாடை.

அதற்கும் பழி யார்மேல்? 'பேராச்சி கண்ணு பட்டு மோட்டார் எரிஞ்சிட்டு' என்று ஊரெல்லாம் சொன்னார்கள். இலஞ்சியில் நடவுக்குப் போனால், "இரும்பையே எரிச்ச முழி, நாத்த விடுமா?" என்று விரட்டினார்கள். பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தாள்.

மதுரைக்குப் போய்ப் புதுக் கம்பி சுற்றித் திரும்பி வந்தது மோட்டார். தீபாவளி நெல் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, தொட ஆளில்லை. முதலாளி சொல்லி அனுப்பினார்: வெள்ளிக்கிழமை விடியுமுன்னே பின்வாசல் வழியா வரணும், யார் கண்ணிலும் படாம ஓடவிட்டுட்டுப் போயிரணும்.

பேராச்சி வந்தாள், வெயில் ஏறிய பிறகு, முன்வாசல் வழியாக. நெல்லோடு நின்ற சனம் வழிவிட்டது. மோட்டாரின் நெற்றியில் புதுக் குங்குமம். ஒரு சாக்கை எடுத்து அதை அழுத்தித் துடைத்தாள்.

"ஐயையோ, மகாலட்சுமியில்லா! பொட்ட அழிக்காளே!" என்று பதறினார் முதலாளி.

"என் பொட்ட அழிச்சப்போ சுத்தி நின்னு பாத்தியள்லா அண்ணாச்சி? அன்னைக்கு ஒருத்தரும் பதறலியே."

பேராச்சி சுவிட்சைப் போட்டாள். மோட்டார் ஓடியது.

"நெல்லக் கொட்டுங்க" என்றாள்.