கண்ணாடி வீட்டு வில்வம்

போன சனிக்கிழமை ஒரு திருட்டுக்குத் துணை போனேன். ஆமாம், நானேதான்!

ஜெர்மனியின் எசன் நகரில் எங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கும் ராணி அக்காவின் கணவர் தவராசா அண்ணைக்கு வரும் செவ்வாய் இதய ஆபரேஷன். அதற்கு முன் சிவனுக்கு வில்வம் சாத்துவதாக அக்கா நேர்த்தி வைத்திருந்தார். தமிழ்க் கடையில், "இந்த முறை வரேல்லை அக்கா" என்று கையை விரித்துவிட்டார்கள். தாவரவியல் பூங்காவின் கண்ணாடி வீட்டில் ஒரு வில்வ மரம் நிற்கிறது என்று வாயை விட்டவன் நான்.

வெளியே மழையா பனியா என்று தெரியாத ஒரு தூறல். கதவைத் திறந்து உள்ளே போனால்... வெதுவெதுப்பு, ஈர மண் வாசனை, எங்கோ சொட்டும் தண்ணீர். என் மூக்குக் கண்ணாடி முழுக்க ஆவி. துடைக்கவே மனம் வரவில்லை. எல்லாம் பச்சையாக, கலங்கலாக, கொஞ்ச நேரம் மிதந்துகொண்டிருக்கட்டுமே!

அக்காவுக்கு இந்த மயக்கமெல்லாம் இல்லை. கைப்பையிலிருந்து ஒரு சின்னக் கத்தரிக்கோலை எடுத்துவிட்டார்.

"ஆரும் வருகினமோ எண்டு பாரும் தம்பி. மூண்டு இலைதான்."

மரத்தடியில் ஒரு பலகை. அதிலிருந்த ஜெர்மனை அக்காவே மெல்ல வாசித்தார் — மருந்து மரம், மிக நெடுங்காலமாக வளர்க்கப்படுவது, காடுகளில் குறைந்துவருகிறது.

"விசர்க்கதை! கோயிலுக்குக் கோயில் நிக்குது. இதுக்கென்ன குறை?"

பின்னால் ஒரு செருமல். தண்ணீர்க் குழாயும் கையுமாகத் தோட்டக்காரப் பெண்! அவர் கத்தரிக்கோலைப் பார்த்தார். திட்டவில்லை. என்ன பிரச்சினை என்று கேட்டார். அக்கா தன் சந்தேகத்தை ஜெர்மனில் சொன்னார்.

"நட்டு வளர்ப்பவை நன்றாகத்தான் இருக்கின்றன. காட்டில் தானாக முளைப்பவைதான் பாவம். காட்டை வெட்டுகிறார்கள், பழத்தையும் விழவிடாமல் பறிக்கிறார்கள். விதை எங்கே போய் முளைக்கும்?"

இலை கேட்டோம், பழம் கேட்டோம், வேரையும் கேட்டோம்... எப்படி இருக்கிறாய் என்று ஒரு நாளாவது கேட்டோமா?

அக்கா கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, ஈரத் தரையில் காலுறையோடு நின்று கைகூப்பினார்.

"பேர் தவராசா. நட்சத்திரம் பூசம். அவரை எனக்குத் திருப்பித் தந்திடு, அப்பனே."

குரல் உடைந்துவிட்டது. எனக்கும் கண் கலங்கியது. இந்த முறை ஆவியின் மேல் பழிபோட முடியாது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்கா தோட்டக்காரப் பெண்ணிடம் திரும்பினார். இந்த மரம் எந்த நாளில் முளைத்தது என்று கேட்டார். அவர் விழித்தார். எதற்காம்? நட்சத்திரம் பார்க்கத்தான்! மரத்தின் பெயருக்கும் ஓர் அர்ச்சனை செய்ய வேண்டாமா?

நாள் அவருக்குத் தெரியவில்லை.

"பரவாயில்லை தம்பி, திருவாதிரை எண்டு சொல்லுவம். சிவன்ர நட்சத்திரம்தானே" என்று அக்கா மறுபடி கைகூப்பினார்.

நீங்கள் இதை வாசிக்கும்போது தவராசா அண்ணை ஆபரேஷன் மேசையில் இருக்கலாம். கும்பிடும் பழக்கம் உள்ளவர்கள் ஒரு பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் — சரி, இரண்டு.