மாசி மாதத்துக்கு ஒரு தேதி

எதைக் கேட்டாலும் பாஞ்சாலி, "புளி முடியட்டும்" என்பாள். ஏரியூர்ப் பக்கம் வாக்கப்பட்டு வந்த இருபத்திரண்டு வருசமும் இதே பேச்சுதான். பல் வலிக்கு வைத்தியம், அம்மா வீட்டுப் பயணம், கண்ணாடி மாற்றுவது, எல்லாமே மாசி, பங்குனியில் புளி உலுக்கி, ஓடு தட்டி, கொட்டை எடுத்து முடித்த பிறகுதான். இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டபோதும் அதையேதான் சொன்னாள். புளி முடிந்து சேலம் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் மூன்று மாதம் ஓடிவிட்டது. மார்பையே எடுக்க வேண்டியதாயிற்று.

மருந்து ஏற்றி, கதிர்வீச்சுக் கரண்டும் வைத்து முடித்தபோது ஆவணி. அன்றைக்கு டாக்டரம்மா சொன்னார்: "வயித்துச் சதைய எடுத்து மார்பு மாதிரி வெச்சுத் தைக்கலாம். வேண்டாம்னாலும் உடம்புக்கு ஒண்ணும் கெடுதல் இல்ல, அது உங்க இஷ்டம். செய்யறதா இருந்தா தோல் ஆறணும், ஆறு மாசம் போகட்டும்."

செய்துகொள்வதென்று பாஞ்சாலி பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டாள். எடுத்த மார்புக்குப் பதிலாக ரவிக்கைக்குள் வைத்திருந்த துணிச்சுருள், பென்னாகரத்தில் இறங்குவதற்குள் கழுத்தெலும்புக்கு ஏறியிருந்தது. களை எடுக்கக் குனிந்தாலும் அப்படித்தான். ஒரு நாளைக்கு எத்தனை முறை முந்தானைக்குள் கைவிட்டு அதை இழுத்துவிடுவது?

வீட்டில் கணவன் மாரப்பன் விரலை மடக்கிப் பார்த்தான்.

"ஆறு மாசம்னா மாசியில்ல வருது? நீ படுத்துக்கிட்டா புளிய யாரு தட்டறது? சித்திரைக்கி மேல பாத்துக்கலாம். இல்லாட்டி வுட்டுடு. இந்த வயசுல யாரு பாக்கப்போறா?"

"நான் பாக்கறேங்க. தெனமும் குளிக்கறப்ப நான்தான பாக்கறேன்."

இந்தப் பேச்சு ஐப்பசி வரை இழுத்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மாரப்பனின் அக்கா பெரியம்மாள், யாரிடமும் சொல்லாமல் மாரியம்மன் கோயிலுக்குப் போய்ப் பூ வைத்துக் கேட்டுவிட்டு வந்தாள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம்; வெள்ளை வந்தால் அம்மன் சம்மதம். பூசாரி எடுத்துக் கொடுத்தது வெள்ளை. வாசலில் ஏறும்போதே சத்தம் போட்டாள்.

"ஆத்தா உத்தரவு குடுத்துட்டா! கெளம்பு பாஞ்சாலி, இந்த வாரமே போயி செஞ்சுக்கலாம். புளிக்கும் தொந்தரவு இல்ல."

"டாக்டரம்மா ஆறு மாசம் ஆவணும்னாங்களே அண்ணி. அம்மங்கிட்ட என்னன்னு கேட்டீங்க?"

"ஆபரேசன் வேணுமா வேண்டாமான்னு."

பாஞ்சாலிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"அத நான் ஆவணியிலயே முடிவு பண்ணிட்டேன். இங்க சண்டையே எப்பங்கறதுலதான. அத வுட்டுட்டு மத்ததக் கேட்டுட்டு வந்திருக்கீங்க!"

பெரியம்மாள் கொஞ்சம் தடுமாறினாள். "அதுக்கென்ன, வெள்ளிக்கெழம மறுபடி வெக்கலாம். வெள்ள வந்தா மாசி, செவப்பு வந்தா சித்திர."

"ஆமாக்கா, அதுதான் சரி," என்றான் மாரப்பன்.

பாஞ்சாலி இந்த வீட்டில் குரல் உயர்த்தியதே இல்லை. அன்றைக்கு உயர்ந்தது.

"எம் மாருக்கு யாரும் பூ வெக்க வேண்டாம். வெக்கறதா இருந்தா புளிய எப்பத் தட்டலாம்னு வெச்சுக் கேளுங்க. போன தடவ அதுக்காவ நின்னுதான் இந்தக் கதி. மறுபடியும் நிக்கச் சொல்றீங்களா?"

மாரப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். "நல்லதுக்குச் செஞ்சா இந்தப் பேச்சு பேசறா," என்று முனகிக்கொண்டே பெரியம்மாளும் போனாள். மார்கழி முதல் வாரம் பாஞ்சாலி, பிளஸ் டூ படிக்கும் மகள் தேவிப்பிரியாவை அழைத்துக்கொண்டு சேலத்துக்குப் போனாள். தோல் நன்றாக ஆறி வருகிறது என்றார் டாக்டரம்மா.

இப்போது தை. மாசி மூன்றாம் வாரத்துக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள், பாஞ்சாலி ஒப்புக்கொண்டுவிட்டாள். மாரப்பன் இதுவரை சரி என்று சொல்லவில்லை.