பதினோரு வீட்டுத் தையல் மிஷின்

போட்டோக்காரனுக்குப் போட்டோ எடுக்க யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதை அவனே பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். ஜெராக்ஸ் கடையின் பின்பக்கம், நீலத் திரைக்கு முன்னால் ஸ்டூல் போட்டு, பாஸ்போர்ட் அளவில் தலைகளை எடுத்துக்கொண்டிருந்தவன். காதைக் காட்டு, கண்ணாடியைக் கழற்று, தாடையை இறக்கு. அவன் படித்த படிப்பு இவ்வளவுதான். அப்புறம் ஆற்றில் வெள்ளம் வந்தது. மற்றவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓட, இவன் முதலாளியின் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினான். கூரை மேல் உட்கார்ந்திருந்த ஒரு குடும்பத்தை அவன் எடுத்த படம் ஒரு நிவாரண நிறுவனத்தின் கண்ணில் பட்டது. அதோடு பிடித்தது சனி.

நிறுவனம் என்றால் சும்மா இல்லை. கண்ணாடிக் கதவு, ஏசி, வரவேற்பறைச் சுவர் முழுக்க அழுகிற குழந்தையின் படம், அதற்குக் கீழே மெத்தென்ற சோபா. அங்கே வேலை பார்த்தவர்களுக்கு ஏழைகள் மேல் கொள்ளைப் பிரியம். பக்கத்தில் வந்து நின்றால் மட்டும் மூக்கைச் சுளிப்பார்கள். மேலாளர் ஒருவர் இருந்தார். பாக்கெட் மேல் பாக்கெட் வைத்துத் தைத்த கோட்டு போட்டிருப்பார். ஒரு பாக்கெட்டிலும் ஒன்றும் இருக்காது. முதல் நாளே இவனை உட்காரவைத்துப் பாடம் எடுத்தார்.

"தம்பி, நாம குடுக்கிறது முக்கியமில்ல. குடுத்தது தெரியணும். புரியுதா?"

புரிந்தது. பதினாலு வருஷம் புரிந்துகொண்டே இருந்தான். பேனர் வந்து சேரவில்லை என்று சாப்பாட்டுப் பொட்டலங்களையும் ஜனங்களையும் இரண்டு மணி நேரம் வெயிலில் காக்கவைத்தது உண்டு. ஊசிப்போன சோறும் படத்தில் சோறாகத்தான் தெரியும்.

கடைசியில் வந்தது தையல் மிஷின் திட்டம். வெள்ளத்தில் வீடு போனவர்களுக்கு வரிசையாகத் தகர வீடுகள் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அங்கே பதினோரு பெண்களுக்கு மிஷின். பதினோரு பெண்கள் உண்மை, மிஷின் ஒன்றுதான். ஒரு வீட்டில் இறக்குவார்கள். அந்தப் பெண் உட்கார்ந்து மிதிப்பாள், இவன் படம் எடுப்பான். "எண்ணெய் போட்டு சர்வீஸ் பண்ணி நாளைக்கே குடுத்துடறோம்மா" என்பார் மேலாளர். இரும்புக் கால் வைத்த மிஷின், ஒற்றை ஆள் தூக்க முடியாது. டிரைவர் ஒரு பக்கம், போட்டோக்காரன் ஒரு பக்கம் பிடித்து வேனில் ஏற்றுவார்கள். அடுத்த வீடு. பலகையின் மூலை உடைந்திருந்ததால் வீட்டுக்கு வீடு வேறு வேறு துணி போட்டு அதை மறைத்தார்கள். அந்த யோசனை போட்டோக்காரனுடையது. மேலாளர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

பதினோராவது வீட்டுக்காரி ஊசியும் நூலுமாகக் கையாலேயே தைத்துப் பிழைக்கிறவள். கண் மங்கிக்கொண்டு வந்தது. கைத்தையலை விடாவிட்டால் இருக்கிற பார்வையும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் வேன் வரைக்கும் வந்தாள்.

"அண்ணா, நாளைக்கு எத்தனை மணிக்கு வரும்? நான் வெளிய போகாம இருக்கேன்."

"காலையிலயே வந்துரும்மா" என்றான். மேலாளர் சொல்லச் சொன்ன பொய் அல்ல அது. இவனே சொந்தமாகச் சொன்னது.

மனசாட்சி உறுத்தி வேலையை விட்டதாகப் பிற்பாடு மேடைகளில் சொன்னான். உண்மையில் மேலாளரின் மைத்துனன் புதுக் கேமரா வாங்கியிருந்தான், இவன் வேலை அவனுக்குப் போனது, அவ்வளவுதான். தையல் மிஷின் சுற்றிய அன்று ஸ்டாண்டில் ஒரு சின்னக் கேமராவை ஓடவிட்டிருந்தது ஞாபகம் வந்தது. ஒரே மிஷின் பதினோரு வீடு ஏறி இறங்கிய அந்தக் காட்சிகளை வைத்துக்கொண்டு சுயாதீனப் பட இயக்குநர் ஆனான். சுயாதீனம் என்றால், பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கும் சம்சாரத்தின் சம்பளத்தில் சாப்பிடுவது. இரண்டு வருஷம் சமையலறை மூலையில் உட்கார்ந்து படத்தை வெட்டி ஒட்டினான்.

"ஊரை அழவைக்கிறது இருக்கட்டும். சிலிண்டர் தீர்ந்து ரெண்டு நாளாச்சு" என்றாள் அவள்.

படம் ஓடியது. குளிரூட்டிய அரங்குகளில் கையில் கோப்பையோடு நின்றவர்கள் "உலுக்கிடுச்சு" என்றார்கள். உலுக்கியதில் ஒருத்தர் கோப்பையும் சிந்தவில்லை. நிறுவனம் மட்டும் லேசுப்பட்டதா? தவறை ஒப்புக்கொள்ளும் துணிச்சல் என்று ஒரு விழா எடுத்தது. தகர வீடுகளுக்கு நடுவே இருந்த கூடத்தில் அவன் படத்தையே போட்டுக் காட்டி, பதினோராவது வீட்டுக்காரிக்கு மேடையில் மிஷின் கொடுப்பதாக ஏற்பாடு. சிறப்பு விருந்தினன் போட்டோக்காரன். ஒருத்திக்காவது கிடைக்கட்டுமே என்று போனான். மேடை ஏறும் ஆசை அதில் பாதி.

படம் முடிந்தது. அவளைக் கைத்தாங்கலாக மேடைக்குக் கூட்டி வந்தார்கள். கண்ணாடி தடித்திருந்தது. மிஷினின் மூலை உடைந்திருந்தது. மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மைத்துனன் அதை எடுத்தான். கை தட்டினார்கள், கூடம் காலியானது. அவள் மட்டும் மிஷின் பலகையில் கை வைத்தபடி நின்றாள்.

டிரைவர் வந்தார். "சார், அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க. சர்வீஸ் பண்ணணுமாம்."

போட்டோக்காரன் குனிந்து பிடித்தான். யோசிக்கவே இல்லை. பழகின கை. மிஷின் தரையை விட்டு எழும்பிவிட்டது.

அவள் அந்தக் கையைக் குனிந்து உற்றுப் பார்த்தாள்.

"அண்ணா, உங்க படத்துல டிரைவர் வந்தாரு. மேனேஜர் வந்தாரு. நான்கூட வாயைப் பொளந்துக்கிட்டு நின்னேன். இந்தக் கை மட்டும் வரலையே?"

வரவில்லைதான். டிரைவர் ஒரு முனையைப் பிடித்ததும் தான் நடந்து வந்து மறுமுனையைப் பிடிக்கிற நாலு நொடியை, பதினோரு வீட்டிலும் வெட்டி எறிந்திருந்தான். படத்துக்கு வேகம் வேண்டும் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு செய்த வேலை. காதெல்லாம் சுட்டது. மிஷினைக் கீழே வைத்தான்.

"வேனுக்கு வேணாம். இவங்க வீட்டுக்குப் பிடிங்க."

"மேனேஜரைக் கேக்காம முடியாது சார்." டிரைவர் கையை உதறிக்கொண்டு ஒதுங்கினார்.

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுமுனையைப் பிடித்தாள். கூடத்திலிருந்து கடைசி வீடு வரைக்கும், நாலு இடத்தில் இறக்கி வைத்துத் தூக்கினார்கள். வீட்டுக்குள் வைத்ததும் வாசலைக் காட்டினாள்.

"போதும். நீங்க கிளம்புங்க."

கதவு சாத்திக்கொண்டது. திரும்பிப் பார்த்தான். வரிசையில் மற்ற பத்து வீட்டு வாசல்களிலும் பெண்கள் நின்றிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி இரண்டு எட்டு முன்னால் வந்தாள்.

"அண்ணா, நாளைக்கு எங்க வீட்டுக்கா?"