புதுப் புடவையால் விழாமல் போன முத்திரை

1966-ஆம் வருடம். பெங்களூர் கண்டோன்மெண்டில், வெளிநாட்டுப் பயணங்களுக்கு ஏற்பாடு செய்து தரும் ஒரு சின்ன அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட். வீடு ஜோகுபாளையத்தில். எனக்கு வயது இருபத்துமூன்று; வாய்க்கு மட்டும் நாற்பது என்பாள் அம்மா. என் வேலையில் பிழை கண்டுபிடிப்பவருக்கு ஒரு மசால் தோசை என்று அலுவலகத்தில் பந்தயம் கட்டியிருந்தேன். மூன்று வருடத்தில் ஒரு தோசைகூட வாங்கித் தர நேரவில்லை. அவ்வளவு கர்வம் பிடித்து அலைந்தேன்!

மலாயா விடுமுறைப் பயணம் என்று எங்களிடம் ஒரு திட்டம் இருந்தது. மெட்ராஸிலிருந்து கப்பலில் போக வர டிக்கெட், பினாங்கில் பத்து நாள் ஓட்டல், பஸ்ஸில் ஊர் சுற்றல். எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே மொத்தமாகக் கட்டிவிட வேண்டும். பணம் வாங்கியதும் ரசீது டைப் செய்து, அதன் பின்பக்கத்திலும் ஆபீஸ் நகலிலும் ஒரு ரப்பர் ஸ்டாம்பு குத்துவது என் வேலை. நாணய மதிப்பு மாறினால் கூடுதல் கட்டணத்தைப் பயணிதான் கட்ட வேண்டும் என்று அந்த முத்திரையில் இருக்கும். அதை யாரும் படித்துப் பார்த்ததில்லை. குத்திக் குத்திக் கை வலித்தவள், நானே முழுசாகப் படித்ததில்லை.

ஏப்ரலில் ஒருநாள் மர்பி டவுனிலிருந்து ஓர் அம்மா வந்தார். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆயா. சுதந்திரம் வந்த வருடம் கல்யாணமாகிப் பினாங்குக்குக் கப்பலேறிய தங்கையை அதற்குப் பிறகு அவர் பார்க்கவே இல்லை. பத்தொன்பது வருடம்! ஏலச்சீட்டு எடுத்த பணத்தைத் துணிப்பையில் கொண்டுவந்து கட்டினார்.

அன்று நான் புது வாயில் துணிப் புடவை கட்டியிருந்தேன். வெள்ளையில் பொடிப் பூப்போட்டது. ஸ்டாம்பு பேடிலோ அன்று காலைதான் யாரோ தாராளமாக மை ஊற்றியிருந்தார்கள். அவருக்கு முன்னால் நின்றவருக்குக் குத்தும்போதே ஊதா மை விளிம்பில் வழிந்தது. சட்டென்று பேடை மூடிவிட்டேன். 'இந்த அம்மா எங்கே திருப்பிப் பார்க்கப் போகிறார்' என்று, குத்தாமலே ரசீதை நீட்டினேன். அவர் கும்பிட்டு வாங்கிக்கொண்டு போனார்.

ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை பேப்பரைப் பிரித்தால், ரூபாயின் மதிப்பை அரசாங்கம் குறைத்திருந்தது. எங்கள் மானேஜர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கப்பல், ஓட்டல் எல்லாம் வெளிநாட்டுக் கணக்கு. ஏற்கெனவே கட்டியவர்கள் அதற்கு மேல் பாதிக்கும் அதிகமாகக் கட்டினால்தான் போக முடியும். எல்லாருக்கும் கடிதம் அடிக்கச் சொன்னார். ஆபீஸ் நகல்களை ஒவ்வொன்றாக எடுத்து அடித்துக்கொண்டே வந்தவள், அந்த ஆயாம்மாவின் நகலைத் திருப்பியதும் நின்றுவிட்டேன். பின்பக்கம் பளிச்சென்று வெள்ளை.

மானேஜரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "ஏம்மா, புத்தி கித்தி இருக்கா உனக்கு?" என்று எகிறினார். "அந்தம்மா கோர்ட்டுக்குப் போனா மொத்தத்தையும் நாமதான் கட்டணும். உன் வேலையும் போச்சு, என் வேலையும் போச்சு!" கொஞ்ச நேரம் கழித்துக் குரலைத் தாழ்த்தினார். "ஞாயித்துக்கிழமை நீயே வீட்டுக்குப் போ. ரசீதைச் சரிபாக்கணும்னு சொல்லி வாங்கு. சும்மனே பின்னால ஒரு குத்து. படிக்காதவங்க, என்ன தெரியப் போகுது?"

ஐயோ, அப்போதே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அப்பாவுக்கு வேலை இல்லாத சமயம். தலையாட்டினேன்.

ஞாயிறு பிற்பகல், கைப்பையில் ஸ்டாம்பும் பேடுமாக மர்பி டவுனுக்கு நடந்தேன். சின்ன வீடு. கணவர் ஷிப்டுக்குப் போயிருந்தார். நடுக்கூடத்தில் ஒரு புது டிரங்குப் பெட்டி திறந்து கிடந்தது. தங்கைக்கென்று இரண்டு புடவை, ராகி மாவு, அவரைக்கொட்டையைத் தோல் பிதுக்கிக் காயவைத்த பிதுக்குப் பருப்பு. "அவளுக்கு அவரைக்காய்னா உசுரு. அங்க கெடைக்கலியாம். லெட்டருக்கு லெட்டரு அதே பொலம்பல்" என்று சிரித்தார்.

ரசீதைப் பார்க்க வேண்டும் என்றேன். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. பிஸ்கட் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுக் காபி போட உள்ளே போனார். இதுதான் சமயம் என்று கைப்பைக்குள் கையை விட்டேன். பேடு திறந்துகொண்டு மை பூராவும் பைக்குள் கொட்டியிருந்தது! விரல், கைக்குட்டை, பஸ் டிக்கெட் எல்லாம் ஊதா. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் முழித்துக்கொண்டிருக்கும்போதே அவர் காபியோடு வந்துவிட்டார்.

"அடடே, இன்னா கண்ணு இது!" என்று டம்ளரைக் கீழே வைத்தார். மண்ணெண்ணெய் நனைத்த துணியைக் கொண்டுவந்து, என் கையைப் பிடித்து, நோயாளிக்குத் துடைப்பதுபோல ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்:

"சீலு குத்தத்தான் வந்தியா?"

எனக்கு உயிரே போய்விட்டது.

"ஆஸ்பத்திரில சீலு இல்லாத சீட்டுக்கு ஒரு மாத்திரை தரமாட்டாங்க கண்ணு. எந்தச் சீட்டையும் திருப்பிப் பாக்காம நான் வாங்கினதே இல்ல. அன்னிக்கே பாத்தேன். முன்னாடி நின்னவருக்குக் குத்தினே, எனக்குக் குத்தல."

"அப்பவே ஏன் சொல்லலை?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"புதுப் புடவை கட்டிகினு இருந்தே. மை ஒட்டிக்கும்னு விட்டுட்டே போலன்னு நெனச்சேன். அதைப் போயி இன்னா கேக்கறது?" துணியை மடித்து வைத்தார். "ரூபா விழுந்திடுச்சுன்னு ஆஸ்பத்திரில பேசிக்கிறாங்க. சீலு குத்தின சீட்டுக்காரங்க மேல கட்டணும்னு லெட்டரு வந்துச்சாம். இன்னும் கேட்டா குடுக்க எங்கிட்ட இல்ல. நீ குத்தினா நான் போவ முடியாது. குத்தாட்டி உனக்கு வேலை போயிடும், அதானே? குத்தணும்னா குத்திக்க. ஆனா என்கிட்ட கேட்டுட்டுக் குத்து."

நான் அழுதேன். வாயாடி என்று பெயரெடுத்தவள், அந்த டிரங்குப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதேன். மானேஜர் சொன்னதை ஒளிக்காமல் சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "காபி ஆறுது, குடி" என்றார்.

கிளம்பும்போது ரசீதின் முன்பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "இந்த ஓட்டலு எனக்கு எதுக்கு? தங்கச்சி வீடு இருக்க நான் ஓட்டல்ல தங்குவனா? முழுசாத்தான் கட்டணும்னு நீங்கதான் சொன்னீங்க" என்றார். எனக்குச் சுரீரென்றது. திட்டத்தைப் பிரித்துக் கொடுக்க முடியுமா என்று அந்த அலுவலகத்தில் ஒருவரும் யோசித்ததே இல்லை!

மறுநாள் ஸ்டாம்பைக் கொண்டுபோய் மானேஜர் மேஜையில் வைத்தேன். "நான் குத்தலை சார். வேணும்னா நீங்களே போய் அவங்களைக் கேட்டுட்டுக் குத்துங்க. அவங்க அன்னைக்கே பாத்துட்டாங்க." அவர் முகம் வெளுத்தது. அந்தச் சூட்டோடு, ஓட்டலையும் பஸ்ஸையும் கழித்துவிட்டால் அந்தப் பணமே கப்பல் கட்டண உயர்வுக்கு ஏறக்குறைய ஈடாகும் என்று அடித்து வைத்திருந்த தாளை நீட்டினேன். மத்தியானம் வரை திட்டினார். மத்தியானத்துக்கு மேல் மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டார். ஓட்டல் ரத்தானது. விழுந்த துண்டை மூன்று மாதம் என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். சந்தோஷமாகக் கொடுத்தேன். அங்கே உறவுக்காரர் வீடு இருப்பதாகச் சொன்ன இன்னும் இரண்டு பேருக்கும் அவரே கூப்பிட்டு ஓட்டலைக் கழித்துக் கொடுத்தார். அதை மட்டும் சொல்லாமல் விடக்கூடாது.

ஜூலையில் ஆயாம்மா கப்பலேறினார்.

ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் நான் டைப் அடித்துக்கொண்டிருந்தபோது மெஷின் மேல் ஒரு சின்னத் தகர டப்பா வந்து உட்கார்ந்தது. நிமிர்ந்தேன். கறுத்து, கன்னம் உப்பி, கண்ணெல்லாம் சிரிப்பாக அவர் நின்றார். தங்கை பிதுக்குப் பருப்பை மோந்து பார்த்துவிட்டுத் துறைமுகத்திலேயே அழுதாளாம். டப்பாவைத் திறந்தேன். புத்தம் புது ஸ்டாம்பு பேடு.

"மை சிந்தாதாம் கண்ணு. கடைக்காரன்கிட்ட ரெண்டு வாட்டி கேட்டுத்தான் வாங்கினேன். இனிமே புதுப் புடவை கட்டிகினும் குத்தலாம்."

அலுவலகமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன், அழுதேன், எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்று மாலை அவருக்கு ஒரு மசால் தோசை வாங்கிக் கொடுத்தேன். பந்தயத்தில் முதன்முதலாகத் தோற்றிருந்தேன் அல்லவா!

அந்தப் பேடு எப்போதோ காய்ந்துவிட்டது, டப்பா மட்டும் இருக்கிறது. இன்றும் யாராவது ஒன்றும் பேசாமல் ஒரு காகிதத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனால், அவர் எதையும் கவனிக்கவில்லை என்று நான் நினைப்பதே இல்லை.